போஸ்ட்கிரெஸ் லாக்: எந்த வடிவில், எந்த இடத்தில், எத்தனை நாள்

உபுண்டு லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 16-ஆம் பதிப்பை நிறுவினால் அதன் லாக், அதாவது நடப்பதை அது எழுதிவைக்கும் பதிவு, /வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் விழும். அதே பதிப்பை ராக்கி லினக்ஸில் நிறுவினால் டேட்டா ஃபோல்டருக்குள்ளேயே 'லாக்' என்ற ஃபோல்டரில் கிழமைக்கு ஒரு கோப்பாக விழும். டாக்கரில் ஓட்டினால் நம் கண்ணில் படும்படி கோப்பே இருக்காது, 'டாக்கர் லாக்ஸ்' என்று கேட்டு வாங்க வேண்டும். மென்பொருள் ஒன்றுதான். பேக்கேஜ் கட்டியவர்கள் ஆளுக்கொரு முடிவு எடுத்திருக்கிறார்கள்.

பகலில் இது ஒரு விஷயமே இல்லை. இரவு இரண்டு மணிக்கு, யாரோ அமைத்துவிட்டுப் போன சர்வருக்குள் நுழைந்து லாக் எங்கே என்று தேடும்போதுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு சர்வரிலும் முதல் வேலையாக மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துவிடுகிறேன்: இந்த லாக்கை யார் படிக்கப் போகிறார்கள், எங்கே போய்ப் படிப்பார்கள், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும். இதில் முதல் கேள்விதான் முக்கியம். மனிதர் படிக்கும் லாக் வேறு, இன்னொரு மென்பொருள் படிக்கும் லாக் வேறு.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. செட்டிங் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிக்கிறபடியே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் சிறிய ஆங்கில எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. தினமும் இவற்றோடு புழங்குபவருக்கு எது எதுவென்று உடனே பிடிபடும்.

முதலில், இப்போது என்ன நிலைமை

எதையும் மாற்றும் முன் சர்வரிடமே கேளுங்கள். போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்க்யூஎல்லுக்குள் போய்:

ஷோ லாக்_டெஸ்டினேஷன்;
ஷோ லாக்கிங்_கலெக்டர்;
ஷோ லாக்_டைரக்டரி;
செலக்ட் பிஜி_கரண்ட்_லாக்ஃபைல்();

கடைசி வரி இந்த நிமிடம் எழுதப்படும் கோப்பின் பெயரைத் தரும். வெறுமையாக வந்தால் கலெக்டர் (லாக்கைக் கோப்பில் எழுதும் போஸ்ட்கிரெஸின் சொந்த ப்ராசஸ்) ஓடவில்லை என்று அர்த்தம். அப்படியானால் லாக்கை வெளியே வேறு யாரோ பிடிக்கிறார்கள்: உபுண்டுவின் தொடக்க ஸ்கிரிப்டோ, சிஸ்டம்டியோ, டாக்கரோ.

கூடவே பிஜி_செட்டிங்ஸ் வியூவில் 'லாக்' என்று தொடங்கும் எல்லாவற்றையும் எடுத்து, சோர்ஸ்ஃபைல், கான்டெக்ஸ்ட் என்ற இரண்டு நெடுவரிசைகளையும் பாருங்கள். சோர்ஸ்ஃபைல் அந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று சொல்லும். 'ஆல்டர் சிஸ்டம்' மூலம் மாற்றியது எல்லாம் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் என்ற தனிக் கோப்பில் உட்காரும், வழக்கமான கான்ஃப் கோப்பை அது மீறும். "நான் மாத்தினேன், மாறவே இல்லை" என்று வரும் புகார்களில் பாதி இங்கேதான் முடியும். கான்டெக்ஸ்ட்டில் 'போஸ்ட்மாஸ்டர்' என்றிருந்தால் ரீஸ்டார்ட் வேண்டும், 'சிக்ஹப்' என்றிருந்தால் ரீலோட் போதும். லாக் தொடர்பான செட்டிங்குகளில் பெரும்பாலும் ரீலோட் போதும். முக்கியமான விதிவிலக்கு லாக்கிங்_கலெக்டர்.

கலெக்டர்

போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு ப்ராசஸும் தன் செய்தியை ஸ்டாண்டர்டு எரருக்கு எழுதுகிறது. கலெக்டரை ஆன் செய்தால் பின்னணியில் தனியாக ஒரு ப்ராசஸ் உட்கார்ந்து, ஒரு பைப் வழியாக அதையெல்லாம் வாங்கிக் கோப்பில் எழுதும், நேரம் வந்தால் கோப்பை மாற்றும். சிஎஸ்வி, ஜேசன் என்ற வடிவங்களில் எது வேண்டுமென்றாலும் கலெக்டர் கட்டாயம். அது இல்லாமல் லாக்_டெஸ்டினேஷனில் 'ஜேசன்லாக்' என்று போட்டால் சர்வர் முறைக்காது, மறுக்காது. பழையபடி வெறும் உரையாக ஸ்டாண்டர்டு எரருக்கு எழுதிக்கொண்டிருக்கும். நீங்கள் ஜேசன் கோப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கலெக்டருக்கு ஒரு குணம் உண்டு. எதையும் தொலைக்கக்கூடாது என்று வடிவமைக்கப்பட்டது அது. லாக் வெள்ளமாக வந்து அதனால் ஈடுகொடுக்க முடியாவிட்டால், எழுத வந்த ப்ராசஸ் காத்து நிற்க வேண்டியதுதான். அதாவது உங்கள் குவெரி நிற்கும். லினக்ஸின் பொது லாக் சேவையான சிஸ்லாக் இதற்கு நேர் எதிர்: அது யாரையும் காக்க வைக்காது, முடியாதபோது செய்தியை விட்டுவிடும். எனக்குக் கலெக்டர்தான் பிடிக்கும். லாக் தேவைப்படுவதே சர்வர் திணறும் நேரத்தில்தான், அந்த நேரத்தில் பாதி வரி காணாமல் போனால் எதற்கு அது?

உபுண்டு, டெபியனில் கலெக்டர் ஆஃப். அங்கே தொடக்க ஸ்கிரிப்டே கோப்புக்குத் திருப்பிவிடும், லாக்ரொட்டேட் என்ற கருவி வாரம் ஒருமுறை கோப்பைச் சுற்றிப் பத்துக் கோப்புகள் வரை வைத்திருக்கும். வெறும் உரை போதும் என்றால் அதைத் தொடாமல் விட்டுவிடலாம், நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அங்கே கலெக்டரை ஆன் செய்தீர்களானால் பழைய கோப்பில், இனி லாக் வெளியீடு கலெக்டருக்குத் திருப்பப்படுகிறது, இன்ன ஃபோல்டரில் பாருங்கள் என்ற குறிப்போடு எழுத்து நின்றுவிடும். அந்தக் கடைசி இரண்டு வரிகளைப் படிக்காமல் "சர்வர் லாக் எழுதவே மாட்டேங்குது" என்று அரை நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

எங்கே வைப்பது

லாக்_டைரக்டரியின் இயல்பு மதிப்பு 'லாக்'. முழுப் பாதையாக இல்லாததால் டேட்டா ஃபோல்டருக்குள் போய்விடும். இது எனக்குப் பிடிக்காத இயல்பு மதிப்பு, இரண்டு காரணங்கள். பிஜி_பேஸ்பேக்கப் கருவியால் முழு நகல் எடுக்கும்போது அந்த ஃபோல்டரும் சேர்ந்தே நகலாகும்; புது ரெப்ளிகாவுக்குள் (நகல் சர்வருக்குள்) பழைய பிரைமரியின் (மூல சர்வரின்) லாக் உட்கார்ந்து குழப்பும். இரண்டாவது காரணம் இன்னும் மோசம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் விசித்திரமான ஒரு பிழையைப் பிடிக்க லாக்_ஸ்டேட்மென்ட்டை 'ஆல்' என்று வைத்தேன். பிழை பிடிபட்டது. செட்டிங்கைத் திருப்பி வைக்க மறந்து வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை இரவு அவர்களுடைய மாதாந்திர இறக்குமதி ஓடியது, லட்சக்கணக்கான இன்சர்ட், ஒவ்வொன்றும் முழுதாக லாக்கில். டேட்டாவும் லாக்கும் ஒரே பார்ட்டிஷன். டிஸ்க் நிறைந்ததும், ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பிஜி_வால் ஃபோல்டரில் எழுத இடமில்லை. அங்கே எழுத முடியாவிட்டால் போஸ்ட்கிரெஸ் பேனிக் என்று எழுதிவிட்டு மொத்தமாக விழுந்துவிடும். லாக் எழுதியே டேட்டாபேஸைக் கொன்றிருந்தேன்.

அன்றைக்கு ஒரு அதிர்ஷ்டம், சர்வர் பதிப்பு 10-க்கு மேற்பட்டது. அதற்கு முன் பிஜி_வாலின் பெயர் பிஜி_எக்ஸ்லாக், பரிவர்த்தனை நிலைகளை வைத்திருக்கும் ஃபோல்டரின் பெயர் பிஜி_சிலாக். டிஸ்க் நிறைந்த பதற்றத்தில் "ஏதோ லாக்தானே" என்று அவற்றுக்குள் இருப்பதை அழித்து டேட்டாபேஸையே இழந்தவர்கள் பலர். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் அவை பிஜி_வால், பிஜி_எக்ஸாக்ட் என்று பெயர் மாறியதற்கு அதுதான் காரணம். உண்மையான லாக் ஃபோல்டரும் அதே பதிப்பில் பிஜி_லாக் என்பதிலிருந்து வெறும் 'லாக்' ஆனது.

ஆகவே லாக்குக்குத் தனி பார்ட்டிஷன். அது நிறைந்தால் லாக்தான் போகும், டேட்டா போகாது.

லாக்கிங்_கலெக்டர் = ஆன்
லாக்_டைரக்டரி = '/வார்/லாக்/பிஜி'
லாக்_ஃபைல்_மோட் = 0640

ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி, போஸ்ட்கிரெஸ் பயனருக்கு உரிமை கொடுத்து, 0750 போடுங்கள். லாக்_ஃபைல்_மோடின் இயல்பு 0600, அதாவது போஸ்ட்கிரெஸ் பயனரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. லாக்கை எடுத்துப் போகும் ஏஜென்ட் வேறு பயனரில் ஓடுகிறது என்றால் அதற்கு ஒரு குழு உரிமை வேண்டும், அதனால் 0640. ராக்கி போன்ற ரெட்ஹேட் குடும்பத்தில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு ஆன் என்றால் புது ஃபோல்டருக்குச் சரியான லேபிளும் ஒட்ட வேண்டும். உரிமை எல்லாம் சரியாக இருந்தும் எழுத மறுத்தால் அங்கே பாருங்கள்.

உரிமை தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பது எப்போது மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. ரீஸ்டார்ட்டின்போது என்றால் சர்வர் எழுந்திருக்காது, உடனே தெரிந்துவிடும். ஓடும்போது ரீலோட் செய்தால் புதுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதி, தானியங்கிக் கோப்பு மாற்றத்தையும் நிறுத்திவிட்டு, பழைய கோப்பிலேயே தொடரும். சத்தமே இருக்காது. ரீலோட் செய்தபின் பழைய கோப்பின் கடைசி வரியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பெயரும் சுழற்சியும்

இயல்பான கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் இருக்கும். நாளுக்கு ஒருமுறையோ 10 எம்பி ஆனதுமோ புதுக் கோப்பு தொடங்கும், எது முந்தினாலும். போஸ்ட்கிரெஸ் பழைய கோப்புகளைத் தானாக அழிக்காது என்பதை மறந்துவிடுகிறோம். தேதி போட்ட பெயர் வைத்தால் அழிக்கும் வேலை உங்களுடையது.

அழிக்கும் தொல்லையே வேண்டாம், ஒரு வாரம் போதும் என்றால் ராக்கி லினக்ஸ் முறைதான் அழகு:

லாக்_ஃபைல்நேம் = 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-%ஏ.லாக்'
லாக்_ரொட்டேஷன்_ஏஜ் = 1டி
லாக்_ரொட்டேஷன்_சைஸ் = 0
லாக்_ட்ரங்கேட்_ஆன்_ரொட்டேஷன் = ஆன்

இங்கே %ஏ என்பது கிழமையின் சுருக்கம். அடுத்த திங்கள் வந்ததும் போன திங்களின் கோப்பு காலியாகி அதிலேயே எழுதும். மொத்தம் ஏழே கோப்பு. இந்தக் காலியாக்கல் நேரப்படி மாறும்போது மட்டும்தான் நடக்கும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலோ அளவுப்படி மாறினாலோ நடக்காது, இருப்பதோடு சேர்த்து எழுதும். இன்னொன்று, ஏழு கோப்பு என்பதால் அளவுக்கும் எல்லை இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரே நாளில் டிஸ்க்கை நிரப்ப ஒரு கோப்பு போதும்.

கலெக்டர் சுற்றுகிறது என்றால் லாக்ரொட்டேட்டை அந்த ஃபோல்டர் பக்கம் விடாதீர்கள். இரண்டு பேர் ஒரே கயிற்றை இழுத்தால் பாதி நாள் லாக் எங்கே போனதென்றே தெரியாது.

நேர மண்டலம்: ஐஎஸ்டி என்றால் எந்த ஐஎஸ்டி?

கிளவுடில் எழுப்பிய சர்வர் பெரும்பாலும் யுடிசியில் இருக்கும், லாக்_டைம்ஜோனும் அதையே பிடித்துக்கொள்ளும். நாளுக்கு ஒருமுறை என்ற சுழற்சி இந்த மண்டலத்தின் நள்ளிரவில் நடக்கும். ஆக, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் காலை 5:30-க்குத்தான் செவ்வாய்க்கிழமைக் கோப்பு தொடங்கும். விடியற்காலை நான்கு மணிக்கு நடந்த பிழையை 'செவ்வாய்' கோப்பில் தேடிப் பயனில்லை, அது 'திங்கள்' கோப்பில் கிடக்கும்.

எரிச்சலில் 'ஏசியா/கொல்கத்தா' என்று மாற்றிவிடுவோம். கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் நேரத்துக்குப் பின்னால் ஐஎஸ்டி என்று வரும். சிஎஸ்வி லாக்கை டேபிளில் ஏற்றும்போதுதான் பொறி. போஸ்ட்கிரெஸின் இயல்பான சுருக்கப் பட்டியலில் ஐஎஸ்டி என்றால் இந்தியா இல்லை, இஸ்ரேல்; யுடிசியோடு இரண்டு மணி நேரம் கூட்டல். இந்திய நேரம் 10:42-க்கு நடந்தது டேபிளில் 14:12 என்று உட்காரும். மூன்றரை மணி நேரப் பிசகு, எந்த எச்சரிக்கையும் இல்லாமல். ஏற்றும் செஷனில் முதலில் இதைக் கொடுத்தால் சரியாகிவிடும்:

செட் டைம்ஜோன்_அப்ரிவியேஷன்ஸ் = 'இந்தியா';

18-ஆம் பதிப்பில் செஷனின் சொந்த மண்டலத்துச் சுருக்கத்துக்கு முன்னுரிமை தருகிறார்கள், அதனால் டைம்ஜோன் கொல்கத்தா என்றிருந்தால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. 'ஏசியா/கொழும்பு' வைத்திருப்பவர்களுக்கு எந்தப் பதிப்பிலும் இல்லை, அந்த மண்டலத்துக்கு எழுத்துச் சுருக்கமே கிடையாது, +0530 என்றுதான் அச்சாகும்.

என் வழக்கம் இதுதான்: ஒற்றை சர்வர், மனிதர்கள் படிக்கும் லாக் என்றால் உள்ளூர் நேரம். பல சர்வர்களின் லாக் ஒரே இடத்தில் சேர்கிறது என்றால் யுடிசி, பேச்சே கிடையாது.

வரி முன்னொட்டு

உரை லாக்கில் ஒவ்வொரு வரியின் முன்னாலும் என்ன வர வேண்டும் என்பதை லாக்_லைன்_ப்ரிஃபிக்ஸ் தீர்மானிக்கிறது. 10-ஆம் பதிப்புக்கு முன் இது காலியாக இருந்தது, நேரம்கூட வராது. இப்போதைய இயல்பு நேரமும் ப்ராசஸ் எண்ணும் மட்டும். போதாது. நான் வைப்பது:

லாக்_லைன்_ப்ரிஃபிக்ஸ் = '%எம் [%பி] %க்யூ%யூ@%டி %ஏ %ஹெச் %ஈ '

%எம் மில்லிசெகண்டோடு நேரம். %பி ப்ராசஸ் எண். %யூ பயனர், %டி டேட்டாபேஸ், %ஏ அப்ளிகேஷன் பெயர், %ஹெச் எங்கிருந்து வந்த இணைப்பு, %ஈ எஸ்க்யூஎல் நிலைக் குறி. நடுவில் இருக்கும் சின்ன %க்யூ எதையும் அச்சிடாது; செக்பாயின்டர் போன்ற பின்னணி ப்ராசஸ்களுக்கு அதோடு நிறுத்திக்கொள் என்று சொல்கிறது. அவற்றுக்குப் பயனரும் டேட்டாபேஸும் கிடையாதே. பெரிய எழுத்து க்யூ வேறு, அது 14-இல் வந்த குவெரி எண், எழுத்தைக் கவனித்துத் தட்டுங்கள். கோப்புப் பெயரில் கிழமையாக இருந்த %ஏ இங்கே அப்ளிகேஷன் பெயராக மாறிவிட்டதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு பட்டியல். கடைசியில் ஓர் இடைவெளி விடுவது மறந்தால் முன்னொட்டும் செய்தியும் ஒட்டிக்கொள்ளும்.

இப்படி வைத்தால் ஒரு வரி இப்படி விழும்:

2025-03-11 10:42:07.318 ஐஎஸ்டி [21874] கடை_ஆப்@கடை ரசீது_வொர்க்கர் 10.0.3.17 23505 எரர்: டூப்ளிகேட் கீ வேல்யூ வயலேட்ஸ் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் "ரசீது_எண்_கீ"

23505 என்றால் ஒரே மதிப்பு இரண்டாவது முறை வந்திருக்கிறது. எந்த மெஷினிலிருந்து, எந்த வொர்க்கர் என்பதும் அதே வரியில். கீழே டீட்டெயில் வரி எந்த ரசீது எண் என்று சொல்லும், ஸ்டேட்மென்ட் வரி முழுக் குவெரியையும் காட்டும். இந்த மூன்று வரிகளையும் சேர்ப்பது 21874 என்ற ப்ராசஸ் எண்தான். நடுவே வேறு இணைப்புகளின் வரிகள் நுழைந்திருக்கலாம். இந்தக் குறிகளில் சிலவற்றை மனப்பாடம் செய்துகொண்டால் லாக் படிப்பது பாதி வேலையாகிவிடும்: 40பி01 டெட்லாக், 57014 குவெரி ரத்தானது (பெரும்பாலும் டைம்அவுட்), 53300 இணைப்புகள் அளவுக்கு மீறின, 28பி01 பாஸ்வேர்டு தவறு.

அப்ளிகேஷன் பெயர் தானாக வராது. ஆப்பின் இணைப்புச் சரத்தில் அப்ளிகேஷன்_நேம் கொடுக்கச் சொல்லி டெவலப்பர்களை நச்சரிக்க வேண்டும். நச்சரியுங்கள், பலன் உண்டு. நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் இருந்தால் %ஹெச்சில் எப்போதும் அதன் முகவரிதான் வரும். அதற்கு பிஜிபவுன்சரில் அப்ளிகேஷன்_நேம்_ஆட்_ஹோஸ்ட் என்ற செட்டிங்கை ஆன் செய்தால் உண்மையான முகவரி அப்ளிகேஷன் பெயரோடு ஒட்டி வரும். லாக்_ஹோஸ்ட்நேமை மட்டும் ஆன் செய்யாதீர்கள், ஒவ்வொரு புது இணைப்புக்கும் டிஎன்எஸ்ஸைப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கும்.

எல்சி_மெசேஜஸ் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். பிஜிபேட்ஜர் போன்ற அலசும் கருவிகள் ஆங்கிலச் செய்தியைத்தான் எதிர்பார்க்கின்றன. ஒரு காலத்தில் போஸ்ட்கிரெஸின் லிப்பிக்யூ நூலகத்துச் செய்திகளுக்குத் தமிழாக்கமும் இருந்தது என்பது தனிச் சந்தோஷம்.

சிஎஸ்வியா, ஜேசனா

உரை லாக்கின் பெரிய குறை பல வரிக் குவெரி. பதினைந்து வரியில் எழுதிய குவெரி லாக்கிலும் பதினைந்து வரி, தொடரும் வரிகள் டேபோடு தொடங்கும். கிரெப் போட்டால் முதல் வரி மட்டும் சிக்கும். லாக்கை வெளியே அனுப்பும் ஏஜென்ட்டுக்கும் இதே தலைவலி, பதினைந்து தனிச் செய்தியாக எண்ணிவிடும்.

லாக்_டெஸ்டினேஷன் = 'எஸ்டிடிஎர்ர்,ஜேசன்லாக்'

கலெக்டர் ஏற்கெனவே ஓடினால் இதற்கு ரீலோட் போதும். கோப்புப் பெயரின் .லாக் முடிவுக்குப் பதிலாக .ஜேசன் முடிவோடு பக்கத்திலேயே ஒரு கோப்பு தோன்றும். ஜேசன் வெளியீடு 15-ஆம் பதிப்பில், 2022-இல் வந்தது. ஒரு நிகழ்வுக்கு ஒரே வரி, குவெரியின் வரி முறிப்புகள் எல்லாம் உள்ளுக்குள் மடக்கப்பட்டிருக்கும். மதிப்பில்லாத புலங்களை எழுதவே எழுதாது. அதனால் படிக்கும் பக்கத்தில் "யூசர் எப்போதும் இருக்கும்" என்று நம்பி நிரல் எழுதாதீர்கள், செக்பாயின்ட் வரியில் உடைந்துவிடும். வரி முன்னொட்டு இங்கே செல்லாது. எல்லாப் புலமும் தானாக வரும்.

சிஎஸ்வியிலும் முன்னொட்டு கிடையாது. அதன் பலம் டேபிளில் ஏற்றலாம் என்பது. நெடுவரிசைகள் 12 வரை 23, 13-இல் 24, 14 முதல் 26. பதிப்பு உயர்த்தும்போது பழைய டேபிளுக்குள் காப்பி கட்டளை தோற்பதற்கு இதுதான் காரணம். உங்கள் பதிப்பின் கையேட்டில் இருக்கும் டேபிள் வரையறையை அப்படியே எடுங்கள். அதில் செஷன் எண்ணும் செஷன் வரி எண்ணும் சேர்ந்து பிரைமரி கீ, ஒரே கோப்பைத் தவறி இரண்டு முறை ஏற்றினால் அது தடுக்கும். இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பை ஏற்றாதீர்கள், கடைசி வரி பாதியில் இருக்கலாம். முதலில் செலக்ட் பிஜி_ரொட்டேட்_லாக்ஃபைல்(); என்று சுற்றிவிட்டு முந்தைய கோப்பை எடுங்கள். ஏற்றியபின் 'நேற்று பத்திலிருந்து பதினொன்றுக்குள் எந்தப் பயனருக்கு எந்தக் குறி எத்தனை முறை' என்பது ஒரு க்ரூப் பை. இந்த வசதிக்காகவே சிலர் சிஎஸ்வியை விட மாட்டேன் என்கிறார்கள், நியாயம்தான்.

எதை எடுத்தாலும் எஸ்டிடிஎர்ர்ரைக் கூடவே வைத்திருங்கள். நீக்கினாலும் ஒரு சின்ன .லாக் கோப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். பிஜி_வால் கோப்புகளை வெளியே சேமிக்கும் ஆர்க்கைவ்_கமாண்டில் ஓடும் ஸ்கிரிப்ட் கத்துவது போல, போஸ்ட்கிரெஸின் சொந்த வடிவத்தில் அடங்காதவை அதில் விழும். பேக்கப் ஏன் நின்றது என்ற பதில் பலமுறை அந்தச் சின்னக் கோப்பில்தான் இருந்திருக்கிறது.

சிஸ்லாக், விண்டோஸ், டாக்கர்

நிறுவனத்தில் எல்லாமே ஆர்சிஸ்லாக்கில்தான் (சிஸ்லாக்கை நடத்தும் மென்பொருள்) என்று விதி இருந்தால் லாக்_டெஸ்டினேஷனை 'சிஸ்லாக்' என்று வைத்து, சிஸ்லாக்_ஃபெசிலிட்டி லோக்கல்0 (இதுவே இயல்பு) என்பதற்கு ஆர்சிஸ்லாக்கில் ஒரு விதி எழுதுங்கள். நீண்ட செய்தியைப் போஸ்ட்கிரெஸ் 1024 பைட்டுக்குள் அடங்கும் துண்டுகளாக்கித்தான் அனுப்பும். உங்கள் சிஸ்லாக் பெரிய செய்தியைத் தாங்கும் என்றால் சிஸ்லாக்_ஸ்ப்ளிட்_மெசேஜஸை ஆஃப் செய்யலாம். கவனிக்க வேண்டியது சிஸ்டம்டியின் லாக் சேவையான ஜர்னல்டியின் வரம்பு: இயல்பாக 30 நொடிக்கு 10,000 செய்தி, அதற்கு மேல் வருவது போய்விடும். சிஸ்லாக்கே நேரம் போடும் என்றாலும் பழைய வடிவத்தில் மில்லிசெகண்ட் இருக்காது, அதனால் %எம்மை நான் நீக்குவதில்லை.

விண்டோஸில் 'ஈவென்ட்லாக்' என்ற இடம் உண்டு. பிஜிஈவென்ட் டிஎல்எல்லைப் பதிவு செய்தால்தான் ஈவென்ட் வியூவரில் செய்தி சுத்தமாகத் தெரியும். கோப்பே மேல்.

டாக்கரில் கலெக்டரை ஆஃபில் விட்டு, ஸ்டாண்டர்டு எரரை டாக்கரே பிடிக்கட்டும். ஆனால் அதன் இயல்பான ஜேசன்-ஃபைல் டிரைவருக்கு அளவு எல்லை கிடையாது. மேக்ஸ்-சைஸ், மேக்ஸ்-ஃபைல் இரண்டையும் கொடுக்காவிட்டால் ஹோஸ்ட்டின் டிஸ்க் ஒரு நாள் நிறையும், எதனால் என்று கண்டுபிடிக்க இன்னொரு நாள் ஆகும்.

எதை எழுதக்கூடாது

இடமும் வடிவமும் சரியாக இருந்தும் சத்தம் அதிகம் என்றால் யாரும் படிக்க மாட்டார்கள். லாக்_ஸ்டேட்மென்ட் 'டிடிஎல்' (டேபிள் போன்றவற்றின் அமைப்பை மாற்றும் கட்டளைகள் மட்டும்) போதும். 'ஆல்' என்ன செய்யும் என்று மேலே சொன்னேன். மெதுவான குவெரிக்கு லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்டை ஒரு நொடியில் தொடங்கி மெல்லக் குறைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பயனரின் குவெரி எல்லாம் வேண்டும் என்றால் 'ஆல்டர் ரோல்' மூலம் அந்தப் பயனருக்கு மட்டும் வைக்கலாம், மொத்த சர்வரையும் தொட வேண்டியதில்லை.

லாக் என்பது இரண்டாவது டேட்டாபேஸ், பாதுகாப்பு குறைந்தது. பிஎஸ்க்யூஎல்லில் 'ஆல்டர் ரோல்' கொடுத்து பாஸ்வேர்டு மாற்றினால், டிடிஎல் லாக் ஆனில் இருக்கும்போது அந்த பாஸ்வேர்டு அப்படியே கோப்பில் விழும். அதற்குப் பின்சாய்வுக்கோடு போட்ட 'பாஸ்வேர்டு' கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது உங்கள் பக்கமே மறையாக்கம் செய்து அனுப்பும். மெதுவான குவெரி லாக் ஆகும்போது அதன் பேராமீட்டர்களும் முழுதாகவே விழும், ஆதார் எண்ணோ ஃபோன் எண்ணோ எதுவானாலும். 13 முதல் லாக்_பேராமீட்டர்_மேக்ஸ்_லெங்த்தை 0 என்று வைத்து அதை நிறுத்தலாம். குவெரிக்குள்ளேயே மதிப்பை ஒட்டி எழுதும் ஆப்புக்கு இது உதவாது.

போட்டுப் பார்ப்பது

எல்லாம் எழுதியபின் செலக்ட் * ஃப்ரம் பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் என்று பாருங்கள். எரர் நெடுவரிசையில் ஏதாவது இருந்தால் ரீலோட் செய்யும் முன்னே தட்டச்சுப் பிழை பிடிபடும். ரீஸ்டார்ட் தேவைப்படும் வரிகளும் அங்கே காட்டிக்கொடுக்கும். அப்புறம்:

செலக்ட் பிஜி_ரீலோட்_கான்ஃப்();
செலக்ட் 1/0;

இரண்டாவது வரி வேண்டுமென்றே செய்யும் பிழை, 22012. லாக்கில் அது எந்தக் கோப்பில், எந்த முன்னொட்டோடு, எந்த நேரத்தோடு விழுந்தது என்று பாருங்கள். அந்தக் கோப்பு ஏஜென்ட் வழியாக வெளியே போகிறது என்றால் அங்கேயும் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சர்வரில் சரியாக விழுந்து, மறுமுனையில் வாரக்கணக்கில் எதுவும் சேராமல் இருந்ததை யாரும் கவனிக்காத கதை ஒன்றல்ல. ஃபோல்டரின் மொத்த அளவைப் பார்க்க மெஷினுக்குள் நுழையத் தேவையில்லை, பிஜி_எல்எஸ்_லாக்டிர்() என்ற ஃபங்ஷன் கோப்பு, அளவு, மாறிய நேரம் மூன்றையும் தரும். பிஜி_மானிட்டர் உரிமை உள்ளவர் யாரும் அழைக்கலாம்.

தேதி போட்ட பெயர் வைத்திருந்தால் மீதி ஒரே வேலை, பழையதை அழிக்கும் க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வரி. முப்பது நாளுக்கு மேற்பட்ட .லாக், .ஜேசன் கோப்புகளை /வார்/லாக்/பிஜிக்குள் மட்டும் தேடும்படி எழுதுங்கள். பாதையை முழுதாகப் போட்டு, அழிக்கும் பகுதியைச் சேர்க்கும் முன் வெறும் பட்டியலாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு.